பெட்டியில் எழுதின வாட்டும் காதில் விழுகிற வாட்டும்

மார்ச் 31 முடிந்து மூச்சு விட்ட முதல் இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்காரனுக்கு இரண்டாம் சனியும் நான்காம் சனியும்தான் தீபாவளி, பொங்கல். தில்லி வெயில் முழுசாகப் பிடிப்பதற்குள் கரோல் பாக் போய் வந்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். எட்டு வருடமாக எனக்கு உழைத்துக்கொண்டிருக்கும் சின்னக் காரின் முன்கதவு ஸ்பீக்கர் ஒரு மாதமாகப் பாட்டுப் பாடவில்லை. அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கர் போனதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். அப்பா ஊரிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. அம்மா போன பிறகு தனியாக விட மனசில்லாமல் கூட்டி வந்துவிட்டோம். ஹிந்தி தெரியாது, அதனால் பார்க்கில் பேச ஆள் இல்லை. டிவி பிடிக்காது. அவருக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திருக்குக் காரில் போவதும், போகிற வழியில் நாகஸ்வரமோ பழைய டி.எம்.எஸ். பாட்டோ கேட்பதும்தான். காது கொஞ்சம் மந்தம். "சத்தம் கேக்குதுடா, வார்த்தைதான் புரியல" என்பார். நான் வால்யூமை ஏற்றுவேன். அப்பளம் இன்னும் நன்றாக நொறுங்கும். "சரி விடு, நிறுத்திடு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் திரும்பல்தான் எனக்குத் தாங்கவில்லை.

கரோல் பாகில் கார் சாமான் விற்கும் பகுதிக்கு நாய்வாலா என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காத தமிழன் இருந்தால் சொல்லுங்கள். அங்கே ஒரு கடைக்காரர் என் காரை வெளியிலிருந்து பார்த்தே வைத்தியம் சொல்லிவிட்டார். "சார்ஜி, ஸ்பீக்கர் மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்லை. நாலு சேனல் ஆம்ப், பின்னால ஒரு சப்வூஃபர், வயரிங் கிட், எல்லாம் சேர்த்து இருபத்தேழாயிரம். உங்களுக்காக இருபத்தஞ்சு."

ஆம்ப் வேண்டாம், ஸ்பீக்கர் மட்டும் போதும் என்றேன். "ஆம்ப் இல்லாம க்யா மஜா?" என்று பரிதாபமாகப் பார்த்தார்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு எண் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் தூக்கம் வராது. ஸ்பீக்கர் வாங்காமல் திரும்பி வந்து, இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். தங்கமணி, "பிள்ளைகள் பரீட்சைக்கு இப்படிப் படிச்சா உருப்பட்டுடும்" என்றாள். படித்ததில் எனக்குப் புரிந்தது இது: கார் ஸ்பீக்கரின் கதை, கிட்டத்தட்ட நூறு வருடமாக 'சொல்கிற எண்ணுக்கும் கையில் வருகிற எண்ணுக்கும்' நடுவில் இருக்கும் இடைவெளியின் கதை. அது என் தொழிலின் கதையும்கூட. எப்படி என்று கடைசியில் வருகிறேன்.

இனி கொசுவத்தி சுற்றுகிறேன்.

இன்று நாம் கேட்கும் ஸ்பீக்கரின் அடிப்படை ரொம்ப எளிது. காந்தத்தின் நடுவில் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கினால் கூம்பு முன்னும் பின்னும் ஆடும், காற்று அசையும், சத்தம் வரும். 1915-ல் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் கலிபோர்னியாவில் இந்தச் சுருள் தத்துவத்தை வைத்து மாக்னவாக்ஸ் என்று ஒலிபெருக்கி செய்தார்கள். 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். நூறு வருடத்தில் பொருள்கள் மாறின, தத்துவம் மாறவில்லை.

காருக்குள் ரேடியோ வந்த கதையில் முக்கியமான வருடம் 1930. சிகாகோவில் பால் கால்வின் என்பவர் தம்பியோடு சேர்ந்து சின்னக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போடக் காசில்லை. வாசலில் காரை நிறுத்தி, சத்தமாகப் பாட வைத்தார். ஆர்டர் கிடைத்தது. மோட்டார் என்ற சொல்லோடு, அந்தக் காலப் பிரபல இசைப்பெட்டியான விக்ட்ரோலாவின் வாலைச் சேர்த்து, மோட்டோரோலா என்று பெயர் வைத்தார். பிறகு கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது. விலை 110 முதல் 130 டாலர். புது ஃபோர்டு காரே 500 டாலர் சுற்றில் கிடைத்த காலம் அது.

இந்தக் கால்வினைப் பற்றி ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கிக்காரரைக் குளிர்விக்க, அவருடைய பேக்கார்ட் காரில் ரேடியோ மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துவிட்டதாம். கடன் கிடைக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

ஜெர்மனியில் 1932-ல் ப்ளாபுங்க்ட் கம்பெனி ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. விலை 465 மார்க், கார் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இந்த விலைக்குக் காரணம் மின்சாரம். அன்றைய கார் பேட்டரி 6 வோல்ட். ரேடியோவில் இருந்த வால்வுகளுக்கோ இருநூறு வோல்ட் பக்கம் வேண்டும். பேட்டரியின் நேர் மின்சாரத்தை வைப்ரேட்டர் என்ற அதிரும் சுவிட்சால் துண்டு துண்டாக வெட்டி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, திரும்ப நேராக்கி வால்வுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கால ரேடியோவைப் போட்டால் வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம் வருமே, அதுதான் வைப்ரேட்டர்.

1955-ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து முழுக்க டிரான்ஸிஸ்டரில் கார் ரேடியோ கொண்டுவந்தார்கள். விலை 150 டாலர். டிரான்ஸிஸ்டருக்கு இருநூறு வோல்ட் தேவையில்லை, பேட்டரியே போதும். அதே சமயத்தில்தான் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறிக்கொண்டிருந்தன. வைப்ரேட்டர் போயிற்று, வண்டும் போயிற்று.

ஆனால் அங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. அதுதான் இந்தப் பதிவின் மையம். இனிமேல் ரேடியோவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் என்ன குட்டிக்கரணம் போட்டாலும், அதன் கையிருப்பு பேட்டரி வோல்டேஜ்தான். என்ஜின் ஓடும்போது சுமார் 14.4 வோல்ட். அவ்வளவுதான் சம்பளம், அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. சாதாரண முறையில் ஸ்பீக்கருக்குப் போகும் அலை மேலே 7.2, கீழே 7.2 வோல்ட்தான் ஆட முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் இது சுமார் 6.5 வாட். கார் ஸ்பீக்கர்கள் வீட்டு ஸ்பீக்கர் போல 8 ஓம் இல்லாமல் 4 ஓமாக இருப்பதும் இந்தக் கஞ்சத்தனத்தால்தான். வோல்ட் குறைவு, அதனால் தடையைக் குறைத்து மின்சாரத்தை அதிகம் ஓட விடுகிறார்கள்.

அடுத்த தந்திரம் பிரிட்ஜ் முறை. மரம் அறுக்கும் ரம்பத்தை ஒருவர் இழுப்பதற்குப் பதில், இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒருவர் தள்ள ஒருவர் இழுப்பது போல. ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஆம்ப்ளிஃபையர். வோல்டேஜ் இரட்டிப்பு, அதனால் சக்தி நாலு மடங்கு. ஏட்டுக் கணக்கில் 26 வாட். இத்தாலியின் எஸ்.ஜி.எஸ். கம்பெனி செய்த டிடிஏ2005 என்ற விரல் நீளச் சில்லு இந்த வேலையைச் செய்தது. அதன் தகவல் தாளில் இருப்பது 20 வாட், அதுவும் 10 சதவீதம் சிதைவோடு.

இதற்கு மேல் வேண்டுமென்றால் வோல்டேஜை ஏற்றித்தான் ஆக வேண்டும். நாய்வாலா கடைக்காரர் விற்க நினைத்த தனி ஆம்ப்ளிஃபையர் அதைத்தான் செய்கிறது. உள்ளே பேட்டரி மின்சாரத்தை வெட்டி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, நேராக்கி... ஆமாம், நம்ம பழைய வைப்ரேட்டரேதான், சத்தம் போடாத டிரான்ஸிஸ்டர் வேஷத்தில் திரும்ப வந்திருக்கிறார்.

இப்போது நம் ஆம்ப் இல்லாத ஸ்டீரியோக்களின் முகப்பிலும் அட்டைப் பெட்டியிலும் எழுதியிருப்பதைப் படியுங்கள். '50 வாட் × 4.' இருபதில் நின்ற ஆள் எப்படி ஐம்பது ஆனார்?

14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்கள். 51.84 வருகிறது. அதாவது, ஆம்ப்ளிஃபையரை முழுசாக முட்ட விட்டு, பாட்டின் அலையெல்லாம் மொட்டை அடிக்கப்பட்டுச் சதுரமாகிவிட்டால் வரும் சக்தி இது. அது பாட்டே இல்லை, வெறும் இரைச்சல். டிடிஏ7850 என்று இந்த வகையில் ஒரு பிரபலமான சில்லு உண்டு. அதன் தகவல் தாளில் 'அதிகபட்சம் 50 வாட்' என்று போட்டு, கீழேயே '10 சதவீதச் சிதைவில் 30 வாட்' என்றும் போட்டிருக்கிறது. சுத்தமாகக் கேட்கும்படி வேண்டுமென்றால் இருபது சொச்சம்தான். தயாரிப்பாளர் பொய் சொல்லவில்லை. இரண்டு எண்ணையும் கொடுத்தார். அட்டைப் பெட்டி அச்சடித்தவர் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு 2003 ஞாபகம் வந்தது.

வங்கிப் பரீட்சை பாஸ் பண்ணுவதற்கு முன்னால் மதுரையில் ஒரு நிதி நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். வாகனக் கடன் பிரிவு. பழைய வேன் ஒன்று வாங்குவதற்காக டிரைவர் ஒருவர் வந்தார், இரண்டு லட்சம் கடன். நான் சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்: "வட்டி ஏழு பர்சென்ட்தாண்ணே, ஃபிளாட் ரேட். மாசம் நாலாயிரத்து ஐந்நூறு, அஞ்சு வருஷம்." அவர் கேட்டார், "நெசமாவே ஏழுதானா தம்பி? வேற எங்கயும் இவ்வளவு கம்மியாச் சொல்லலையே." நான், "ஏழேதாண்ணே" என்றேன்.

பொய் இல்லை. இரண்டு லட்சத்துக்கு ஏழு சதவீதம், ஐந்து வருடத்துக்கு 70,000. அசலோடு சேர்த்து அறுபதால் வகுத்தால் சரியாக 4,500. ஆனால் அவர் மாதா மாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறார், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இரண்டு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்து வரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அந்த ஏழு, உண்மையில் சுமார் 12.5. இது எனக்குத் தெரியும். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் எழுபதுக்கு மேல் வாங்கியவன் நான். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த '50 வாட் × 4' பெட்டியை அச்சடித்தவன் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்யதை?

சரி, கதைக்குத் திரும்புவோம். இந்த எண் விளையாட்டை அரசாங்கங்கள் பார்க்காமல் இல்லை. 1974-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் வாட் எப்படி அளக்கப்பட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. கார் ஆம்ப்ளிஃபையர்கள் அதில் வரவில்லை. அந்த ஓட்டையில்தான் கார் வாட்டுகள் குட்டி போட்டுப் பெருகின. 2003-ல் அமெரிக்க மின்னணுத் தயாரிப்பாளர் சங்கமே சிஇஏ-2006 என்ற தரத்தை வகுத்தது: 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது. இந்த முறையில் அளந்தால் அதே ஐம்பது வாட் ஸ்டீரியோ, நல்ல பிள்ளையாக இருபது பக்கம் வந்து நிற்கிறது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற தரம் என்பதால் எல்லோரும் விரும்பவில்லை.

இனி ஸ்பீக்கர் பக்கம். தொழிற்சாலையில் வருகிற ஸ்பீக்கர் ஏன் இப்படி இருக்கிறது?

ஸ்பீக்கரில் விலை அதிகமான பாகம் காந்தம். ஆரம்ப காலக் கார் ஸ்பீக்கர்களில் நிரந்தரக் காந்தம் கிடையாது, பேட்டரியில் ஓடும் மின்காந்தம்தான். பிறகு அல்நிக்கோ வந்தது: அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலவை. 1950-களில் பிலிப்ஸ் கொண்டுவந்த ஃபெரைட் காந்தம் மலிவு, ஆனால் பருமன். 1978-ல் ஜைரில், அதாவது இன்றைய காங்கோவில், ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறியபோது, ஸ்பீக்கர் உலகம் பெருமளவு ஃபெரைட்டுக்குப் போய்விட்டது. 1980-களின் முதல் பாதியில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியாக நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தன. சின்னக் காந்தம், பெரிய இழுப்பு. கதவுக்குள் இடம் இல்லாத கார்களுக்கு வரப்பிரசாதம்.

ஆனால் கார் கம்பெனியின் காஸ்ட் அக்கவுண்டன்ட் வேறு மாதிரி யோசிப்பார். ஒரு பேச்சுக்கு, ஒரு ஸ்பீக்கரில் 100 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு நாலு, வருடத்துக்கு ஒரு லட்சம் கார். நாலு கோடி ரூபாய். ஷோரூமில் காந்தத்தை எடை போட்டுப் பார்க்கிற வாடிக்கையாளர் யார்? 'எத்தனை ஸ்பீக்கர்? திரை எத்தனை இஞ்ச்?' என்றுதான் கேட்கிறோம். எனவே பணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போகிறது. எங்கள் பாஷையில் இதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் நம் நாட்டுச் சம்பந்தமும் உண்டு. வங்காளத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறை சென்று, பிறகு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர் நோனி கோபால் போஸ். அவர் மகன் அமர் போஸ், பையனாக இருக்கும்போதே ரேடியோ ரிப்பேர் செய்து சம்பாதித்தவர், பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியர். காரின் உட்புறத்தையே இசை அறையாகக் கருதி, காரோடு சேர்த்தே ஸ்பீக்கரையும் வடிவமைக்க வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸைச் சம்மதிக்க வைத்தார். 1983 மாடல் காடிலாக் செவில் போன்ற கார்களில் அது வந்தது. தொழிற்சாலை ஸ்பீக்கர் என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை உடைத்த முயற்சி அது. ஆனால் அது சொகுசுக் காருக்கு. என் மாதிரி ஸ்டாஃப் லோனில் வாங்கிய காருக்கு இல்லை.

நம் ஊரில் கதை இன்னும் எளிமை. வீட்டு ரேடியோவுக்கே வருடா வருடம் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலத்தை அப்பா இன்னும் சொல்வார். 1980-களில்தான் அது ஒழிந்தது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் பாட்டுப்பெட்டி என்பது பெரும்பாலும் வாங்கினவர் தனியாகப் பொருத்திக்கொண்டதுதான். டூரிஸ்ட் டாக்ஸியின் பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு முட்டை வடிவ ஸ்பீக்கர் ஒட்டிக்கொண்டிருக்குமே, 6-க்கு 9 இஞ்ச், ஞாபகம் இருக்கிறதா? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, கார் ஸ்டீரியோ பொருத்துவது தனித் தொழிலாகவே வளர்ந்தது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, தில்லியில் கரோல் பாக். டேஷ்போர்டில் 180-க்கு 50 மில்லிமீட்டர் என்ற ஜெர்மன் அளவில் ஒரு ஓட்டை இருந்ததால், எந்தக் கம்பெனி ஸ்டீரியோவையும் எந்தக் காரிலும் செருகலாம்.

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த ஓட்டையும் அடைபட்டுவிட்டது. திரை, ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஸ்டீரியோவைத் தொட்டால் வாரண்டி போகுமோ என்று பயம். நடுத்தரக் குடும்பத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மிச்சம் இருப்பது கதவில் இருக்கும் ஸ்பீக்கர் மட்டும்தான்.

ஆக, கையில் இருப்பது இருபது வாட். அதை ஏற்ற முடியாது. ஆனால் அதே இருபது வாட்டை வைத்து அதிகம் சத்தம் எடுக்கிற ஸ்பீக்கர் உண்டு. அதற்கான எண் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்: சென்சிடிவிட்டி, டெசிபலில். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது. இந்த எண் 3 கூடினால், ஆம்ப்ளிஃபையர் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 87 இருக்கும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 போட்டால், உங்கள் 20 வாட் 40 வாட் மாதிரி வேலை செய்யும். பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் '300 வாட்' என்பது அந்த ஸ்பீக்கர் எவ்வளவு அடி தாங்கும் என்பதுதான். அது ஓவர்டிராஃப்ட் லிமிட் மாதிரி, கையில் இருக்கும் பணம் இல்லை.

இதிலும் ஒரு உள்குத்து உண்டு. சில கம்பெனிகள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். 8 ஓமில் அது ஒரு வாட். 4 ஓமிலோ இரண்டு வாட். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 3 டெசிபல் ஏறிவிடும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு லேசானது, அதனால் குறைந்த சக்தியிலேயே சத்தம் போடும். அதை எடுத்துவிட்டு, பெரிய ஆம்ப்ளிஃபையருக்காகச் செய்த கனமான கூம்பும் தடித்த ரப்பர் விளிம்பும் உள்ள விலை உயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டால், சத்தம் குறைந்துதான் போகும். 'காசைக் கொட்டினேன், முன்னைவிட மோசம்' என்று புலம்புகிற பலருடைய கதை இதுதான்.

நான்காம் சனிக்கிழமை திரும்ப நாய்வாலா போனேன். இந்த முறை வேறு கடை. ஆறரை இஞ்ச், 4 ஓம், 91 டெசிபல், நடுவிலேயே சின்ன ட்வீட்டர் வைத்த கோஆக்ஸியல் ஜோடி, 4,800 ரூபாய். பக்கத்திலேயே 300 வாட் போட்ட பெட்டி, 88 டெசிபல், விலை இரண்டு மடங்கு. வயரை வெட்டாமல் செருக கப்ளரும், பிளாஸ்டிக் வளையமும் 700. எம்.டி.எஃப். வளையம் வேண்டாம் என்றேன், கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கும், ஊறிப்போகும். கதவுத் தகட்டுக்கு ஒட்டும் டாம்பிங் ஷீட் 1,800. கூலி 600. மொத்தம் 7,900.

இந்த ஷீட் ஒட்டுவது ஏமாற்று வேலை என்று நானும் நினைத்திருந்தேன். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்று சேர்ந்தால், ஒன்றை ஒன்று தின்றுவிடும், கீழ் ஸ்தாயி காணாமல் போகும். அதனால்தான் வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கிறது. காரில் கதவுதான் பெட்டி. ஓட்டைகளை அடைத்து, தகட்டை அதிராமல் செய்தால் தவில் தவிலாகக் கேட்கும். அதேபோல பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மாறிவிட்டாலும் இதே கதிதான். வேலை பார்த்த பையன் வயரைத் தொடும் முன் ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஸ்பீக்கரில் தொட்டுக் காட்டினான். செல்லின் பிளஸ் ஸ்பீக்கர் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே எழும்பும். எந்தக் கல்லூரியும் போகாத பையன், மாநாட்டு வாசலில் நின்ற கால்வினுக்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தான். காந்தம் பிஸ்கட் அளவு. ஈரத்தில் ஊறிய காகித விளிம்பு கால்வாசி கிழிந்திருந்தது. ட்வீட்டர் கிடையாது. வயதானால் காதில் முதலில் குறைவது மேல் ஸ்தாயி கேட்கும் திறன். பேச்சில் உயிரெழுத்து கீழே இருக்கிறது, ச, த, ப போன்ற மெய்யெழுத்தின் கூர்மையெல்லாம் மேலே. அப்பாவுக்குச் சத்தம் கேட்டு வார்த்தை புரியாமல் போனது அதனால்தான். நான் இத்தனை நாள் கீழே இருப்பதையே இன்னும் சத்தமாக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. எதையும் சொல்லாமல் வழக்கமான அளவில் டி.எம்.எஸ். போட்டேன். மோதி பாக் தாண்டும்போது அப்பா கையை நீட்டினார். பழையபடி நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். வால்யூமை இரண்டு புள்ளி குறைத்தார். "எதுக்குடா இவ்வளவு சத்தம்? நல்லாத்தான கேக்குது" என்றார். பிறகு கோயில் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியாக அந்த எண் விவகாரம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனோ சிறுதொழில் கடனோ எதுவானாலும், எல்லாச் செலவையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. எங்கள் கிளையில் பலர் அதைக் கையெழுத்து வாங்கும் இன்னொரு காகிதமாகத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆட்டோ கடனுக்கு வந்தவரிடம் அந்தத் தாளைத் திருப்பி வைத்து, எண்ணின் மேல் விரலை வைத்து, "இதைப் பாருங்க, முன்னால சொன்னது இல்லை, இதுதான் நீங்க கட்டப் போறது" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை. மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டிஸ்கி: நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தவன். தனி ஆம்ப்ளிஃபையர் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. கதவு அதிர, தெருவே திரும்பிப் பார்க்கப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இருபது வாட் போதாது. அப்பாவோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் போதும்.